தொழில் அறிவோம்: பழைய அல்பாவும் மண்ணெண்ணெய்க் காலத்து அண்ணையும்



சென்ற இதழில் வீட்டு வேலை ஒப்பந்தங்கள் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த ஒரு தாயார் எம்மைச் சந்தையில் கண்டு மறித்து, "வீடு கூட்டுறதும் வயது போனவையைப் பாக்கிறதும்தானோ எங்கட ஆக்களுக்கு விதிச்சது? ஊரில பழகின தொழிலை இஞ்ச செய்ய ஏலாதோ?" என்று கேட்டார். கையில் வெண்டிக்காய்ப் பையுடன் நின்ற எமக்கு உடனே பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடி மூன்று சனிக்கிழமைகள் ஒரு கராஜில் போய் இருந்தோம். அங்கே கண்டதை இம்முறை எழுதுகிறோம்.

பலெர்மோவில் சீசா கோட்டைக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய தெருக்களில் ஒன்றில் அந்தக் கராஜ் இருக்கிறது. இரண்டு கார் நிற்கும் இடம். மூன்றாவது வந்தால் தெருவில்தான். உரிமையாளர் 74 வயதுச் சிசிலியர். அயலவர்கள் அவரை 'மாஸ்த்ரு' என்று அழைக்கிறார்கள். கைத்தொழில் தெரிந்தவருக்கு இந்த ஊர் கொடுக்கும் மரியாதைப் பெயர் அது. அவருடன் வேலை செய்பவர் எம்மவர், கொக்குவிலைச் சேர்ந்தவர். தன் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'அண்ணை' என்றே குறிப்பிடுகிறோம். பதினாறு வயதில் யாழ்ப்பாணத்தில் கராஜுக்குப் போனவர். ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் என்று எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டியவர்.

நாம் போன முதல் நாள் நடுவில் நின்றது 1979 ஆம் ஆண்டு அல்பா றோமியோ அல்பெத்தா ஜி.ரி.வி. இரண்டு கதவு, சரிந்த பின்புறம், சிவப்பு நிறம். அதன் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கூடுதல் வேகம் வேண்டுமென்று வேறொரு இடத்தில் இதற்கு ரேர்போ பூட்டுவித்திருக்கிறார். சில வாரங்களில் எஞ்சின் நீலப் புகை கக்கி, பலம் குறைந்து நின்றுவிட்டது. தலைப்பகுதியைக் கழற்றியபோது மூன்றாவது பிஸ்ரனின் நடுவில் சுண்டுவிரல் போகும் அளவுக்கு ஓட்டை.

அண்ணை அந்தப் பிஸ்ரனை எம் கையில் தந்தார். "இதைக் கண்டவுடன எனக்கு ஊர்தான் ஞாபகம் வந்தது" என்றார். ஏன் என்று கேட்டோம். அங்கேதான் கதை தொடங்கியது.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை வந்ததை எம் வாசகர்களில் பலர் அனுபவித்திருப்பீர்கள். இளையவர்கள் பெற்றோரிடம் கேட்டிருப்பீர்கள். பெற்றோல் மருந்துபோல் துளித்துளியாகக் கிடைத்த காலம். எங்கள் மெக்கானிக்மார் பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். சிறு போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ராற் பண்ணுவது, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. வெள்ளைப் புகையும் அந்த மணமும் மறக்கக்கூடியவை அல்ல.

இது எப்படிச் சாத்தியமானது? பழைய ஆங்கிலேயக் கார்களின் எஞ்சின்கள் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையைக் குறைவாகவே அழுத்தின. ஏழு பங்கு இடத்தில் இருந்ததை ஏறக்குறைய ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குவதோடு சரி. அதனால் மட்டமான எரிபொருளும் ஓரளவு ஒழுங்காக எரிந்தது. அழுத்தம் கூடிய புதிய கார்களில் அதையே ஊற்றினால் எஞ்சினுக்குள் 'டக் டக்' என்று சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்கும். அதைத்தான் கராஜில் 'நொக்' என்பார்கள்.

நல்ல முறையில் எரியும்போது, பிளக்கில் தோன்றும் நெருப்பு ஒரு ஓரத்தில் இருந்து மற்ற ஓரத்துக்குச் சீராகப் பரவும். அடுப்பில் ஓலை எரிவதுபோல. அழுத்தமும் சூடும் அளவு மீறினால், நெருப்பு வந்து சேருமுன்னரே மிச்சக் கலவை தானாக ஒரேயடியாக வெடிக்கும். பிஸ்ரனின் தலையில் விழும் அந்த அடி ஒன்றிரண்டானால் தாங்கும். ஆயிரக்கணக்கில் விழுந்தால் அலுமினியம் இளகி ஓட்டை விழும்.

"மண்ணெண்ணெயில ஓடேக்க நாங்கள் காதாலதான் பிழைச்சனாங்கள்" என்றார் அண்ணை. "நொக் கேட்டால் ரைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு எடுக்கவேணும். இந்தக் காருக்கு ரேர்போ பூட்டினவர் காதைக் கழற்றி வைச்சிட்டுப் பூட்டியிருக்கிறார்."

ரேர்போ என்றால் என்ன?

எஞ்சினில் இருந்து வெளியேறும் சூடான புகைக்குப் பலம் உண்டு. சாதாரணக் கார்களில் அந்தப் பலம் குழாய் வழியே வீணாகிறது. ரேர்போவில் அந்தப் புகை ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு காற்றாடி வெளிக் காற்றை உறிஞ்சி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் எரிபொருளும் கூட எரிக்கலாம், பலமும் கூடும். இந்த எண்ணத்துக்கு 1905 இலேயே காப்புரிமை எடுத்தவர் சுவிசில் வின்ரர்தூரில் பிறந்த அல்பிரட் பூகி. சுவிசில் உறவினர் உள்ள வாசகர்கள் அடுத்தமுறை தொலைபேசியில் இதைச் சொல்லிப் பெருமைப்படுத்தலாம்! முதலில் கப்பல் முதலான பெரிய டீசல் எஞ்சின்களில் பயன்பட்டது. 1962 இல் அமெரிக்காவில் விற்பனைக் கார்களுக்கு வந்தது.

கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். ரேர்போ அதற்குமேல் அரைப் பார் கொடுத்தால், எஞ்சின் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்றைப் பெறும். ஆனால் அமுக்கப்படும் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடி சூடாவதுபோல. கூடிய அழுத்தமும் கூடிய சூடும் சேர்ந்தால் மீண்டும் அந்த 'நொக்'தான்.

அல்பா கம்பனியே இதே காருக்கு ரேர்போ பூட்டியிருக்கிறது. அதன் பந்தயப் பிரிவான அவுத்தோடெல்ரா 1979 இல் 'ரேர்போடெல்ரா' என்ற பெயரில் ஒரு சிறு தொகையை வெளியிட்டது. சாதாரண ஜி.ரி.வி. 130 குதிரைவலு, ரேர்போடெல்ரா 150. அதாவது கூட்டியது 20 குதிரைவலு மட்டுமே. எஞ்சினின் ஒவ்வொரு ஆணியையும் அறிந்தவர்களே 20 உடன் நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் ஆசிரியரின் காருக்குப் பூட்டியவரோ பழைய பிஸ்ரனையும் பழைய கார்பரேற்றர் ஜெற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ரேர்போவை மட்டும் கொழுவிவிட்டார்.

பிரித்துப் பூட்டியது

இரண்டாம் சனிக்கிழமை எஞ்சின் மேசையில் இருந்தது. வீட்டில் கேக் தட்டாகப் பயன்படும் தகரங்களில் ஒவ்வொரு சிலிண்டரின் பாகங்களும் 1, 2, 3, 4 என்று எண் எழுதி வைக்கப்பட்டிருந்தன. "எந்தப் பாகம் எங்க இருந்ததோ அங்கதான் திரும்பப் போகவேணும். அவை ஒன்றோடு ஒன்று தேய்ஞ்சு பழகினவை" என்றார் அண்ணை.

இந்த எஞ்சினின் கொள்ளளவு 1962 கன சென்ரிமீற்றர். சிலிண்டரின் அகலம் 84 மில்லிமீற்றர், பிஸ்ரன் ஓடும் தூரம் 88.5 மில்லிமீற்றர். உடல் அலுமினியம். அதற்குள் வார்ப்பிரும்புக் குழாய்கள் நான்கு தனியாக இறங்கி நிற்கின்றன. அவற்றின் வெளிப்புறத்தைத் தண்ணீர் தொட்டுக் குளிர்விக்கிறது. ஆகவே சிலிண்டர் பழுதானால் உடலைக் கடைய வேண்டியதில்லை. குழாயையும் பிஸ்ரனையும் சோடியாக மாற்றலாம். குழாயின் அடியில் உள்ள றப்பர் வளையம் பழுதானால் தண்ணீர் ஓயிலுக்குள் இறங்கும். குழாயின் மேல்விளிம்பு உடலின் மட்டத்தைவிட மயிரிழை அளவு உயர்ந்து நிற்க வேண்டும். நான்கும் ஒரே அளவில் இல்லாவிட்டால் கஸ்கெற் ஊதும். மாஸ்த்ரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை நான்குமுறை அளந்தார். அண்ணை ஐந்தாம்முறை அளந்தார்.

கிராங் தண்டு அரைக்கும் பட்டறைக்குப் போய்வந்திருந்தது. இங்கே அதை 'ரெத்தீபிக்கா' என்பார்கள். தொழில் தேடும் வாசகர்கள் இன்னும் சில சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கராஜ் 'ஒபிச்சீனா', உதிரிப்பாகம் 'ரிக்காம்பி', எஞ்சின் தலை 'தெஸ்தாத்தா', கஸ்கெற் 'குவார்னித்சியோனே', பிஸ்ரன் வளையம் 'பாஷே', பெயரிங் ஓடு 'ப்ரொன்சீனே'. தொழில் தெரிந்தவருக்கு இருபது சொல் போதும், முதல் நாளைச் சமாளிக்க. மிச்சத்தைக் கை பேசும்.

ஒரு எச்சரிக்கையையும் அண்ணை எழுதச் சொன்னார். இந்த எஞ்சினில் புகை வெளியேறும் வால்வுகளின் தண்டு உள்ளே பொள்ளல். சூட்டைக் கடத்துவதற்காக அதற்குள் சோடியம் அடைத்திருப்பார்கள். சோடியத்தில் தண்ணீர் பட்டால் தீப்பிடித்து வெடிக்கும். பழைய வால்வு என்று அறுத்து விளையாடக்கூடாது; பிள்ளைகள் கையில் கொடுக்கவும் கூடாது.

ரேர்போவுக்காக நான்கு விடயங்களை மாற்றினார்கள். அழுத்தம் குறைந்த, அடித்து உருவாக்கிய புதிய பிஸ்ரன்கள். கூடிய எரிபொருள் கொடுக்கும் ஜெற்றுகளும், ரேர்போவின் காற்றுக்கு எதிராகத் தள்ளக்கூடிய பெற்றோல் பம்பும். பின்னுக்கு எடுத்த ரைமிங். காற்றைக் குளிர்விக்க முன்னால் ஒரு றேடியேற்றர். அழுத்தம் 0.4 பாருக்குமேல் போகாமல் ஒரு வால்வு திறந்து புகையை வெளியே விடும். ரேர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதைக் காப்பது ஓயில் மட்டுமே. எனவே ரேர்போக் காரை ஓடிவந்தவுடன் நிறுத்தாமல், ஒரு நிமிடம் மெதுவாக இயங்கவிட்டு நிறுத்துங்கள். இது புதிய டீசல் கார் வைத்திருப்போருக்கும் பயன்படும் அறிவுரை.

இவர்களுக்கு ஏன் இந்தப் பைத்தியம்?

ஒரு பழைய காருக்கு இவ்வளவு பாடா என்று நாம் மாஸ்த்ருவிடம் கேட்டோம். அவர் சுவரில் இருந்த ஒரு மஞ்சள்பட்ட படத்தைக் காட்டினார். நீனோ வக்கரெல்லா. 1933 இல் பலெர்மோவில் பிறந்தவர், பாடசாலை அதிபர், அத்துடன் பந்தய ஓட்டுநர். இந்த நகரத்துக்குக் கிழக்கே மதோனியே மலைகளில் 1906 இல் வின்சென்சோ புளோரியோ தொடங்கிய 'தார்கா புளோரியோ' பந்தயத்தை 1965, 1971, 1975 ஆகிய ஆண்டுகளில் வென்றவர். 1964 இல் பிரான்சின் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தையும் இன்னொருவருடன் சேர்ந்து வென்றார். 2021 இல் காலமானார். அந்தப் பந்தயம் நடந்தது தனித் தடத்தில் அல்ல. செர்தா, கல்தவுத்தூரோ, கொல்லெசானோ ஊர்கள் வழியாகச் செல்லும் 72 கிலோமீற்றர் சாதாரண மலைத்தெருவில். வீட்டு வாசலில் கதிரை போட்டுப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1977 இல் பார்வையாளர்கள் இறந்த விபத்துடன் அந்த வடிவம் நின்றது; இப்போது அதே பெயரில் றலி நடக்கிறது. எமக்கு நல்லூர்த் தேர் எப்படியோ, இந்த மலையோரத்தவர்களுக்கு அந்தப் பந்தயம் அப்படி.

எங்கள் பிள்ளைகளுக்கு

அண்ணையின் மருமகனுக்குப் பத்தொன்பது வயது. பழைய பியற் புந்தோ ஒன்று வைத்திருக்கிறான். "மாமா, எனக்கும் ஒண்டு பூட்டித் தாங்கோவன்" என்று எம் முன்னாலேயே கேட்டான். அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு சொன்ன பதிலை அப்படியே தருகிறோம்: "உன்ர லிபிரெத்தோவை எடுத்துக்கொண்டு வா. அதில எத்தினை கிலோவாற் எண்டு இருக்கு? அதுக்குமேல ஒரு கிலோவாற் கூடினாலும் அது உன்ர கார் இல்லை."

விளக்கம் இதுதான். இத்தாலியப் போக்குவரத்துச் சட்டத்தின் 78 ஆம் பிரிவின்படி, எஞ்சினின் பலத்தை மாற்றினால் மொத்தோரிசாத்சியோனே அலுவலகத்தில் காரைக் காட்டிப் பரிசோதித்து, வாகனப் பத்திரத்தைத் திருத்த வேண்டும். செய்யாமல் தெருவில் பிடிபட்டால் அபராதம், பத்திரமும் பறிக்கப்படும். விபத்து நேர்ந்தால் காப்புறுதிக் கம்பனி கொடுத்த பணத்தை உங்களிடமே திருப்பிக் கேட்க முற்படலாம். புதிதாக உரிமம் பெற்றவர்கள் ஓட்டக்கூடிய காரின் பலத்துக்கும் வரம்பு உண்டு; 2024 டிசம்பருக்குப் பின் உரிமம் எடுத்தவர்களுக்கு அந்த வரம்பு முதல் மூன்று ஆண்டுகளுக்கு. ஆசிரியரின் அல்பாவும் தெருவில் ஓடப்போவதில்லை. அதை வேறு வாகனத்தில் ஏற்றி, என்னா நகருக்கு அருகே பெர்கூசா ஏரியைச் சுற்றியுள்ள பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய் அங்கேதான் ஓட்டுவார்கள்.

கையில் உள்ள தொழிலும் கடதாசியில் உள்ள தொழிலும்

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறோம். ஊரில் பழகிய தொழிலை இங்கே செய்யலாம். ஆனால் அண்ணையின் கதையின் மறுபாதியையும் கேளுங்கள்.

பலெர்மோவுக்கு வந்தபின் அண்ணை முதலில் வேறொரு கராஜில் நான்கு ஆண்டுகள் வேலை செய்தார். எஞ்சின் இறக்கினார், கியர்பெட்டி திருத்தினார். ஆனால் அவரது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது துப்புரவு வேலை, நாளுக்கு இரண்டு மணிநேரம். மிச்சச் சம்பளம் கையில். "காசு வருகுது, போதும் எண்டு இருந்திட்டன். கடதாசியை வாசிக்கவும் தெரியேல்லை, கேக்கவும் வெக்கம்" என்றார்.

வாகனத் திருத்தகம் நடத்துவதற்கு 1992 ஆம் ஆண்டின் 122 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கராஜுக்குப் பொறுப்பான தொழில்நுட்பத் தகுதி உள்ள ஒருவர் இருக்க வேண்டும். மெக்கானிக் வேலையும் கார் மின்வேலையும் 2012 ஆம் ஆண்டுச் சட்டத்தால் 'மெக்கத்ரோனிக்கா' என்று ஒன்றாக்கப்பட்டன. அந்தத் தகுதியைப் பெற ஒரு வழி, கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் குறைந்தது மூன்று ஆண்டுகள் இத்துறைக் கம்பனியில் 'ஒப்பெராயோ குவாலிபிக்காத்தோ', அதாவது தேர்ச்சி பெற்ற தொழிலாளி, என்ற தரத்தில் வேலை செய்திருப்பது. இன்னொரு வழி, மாநிலம் அங்கீகரித்த பயிற்சியும் அதன்பின் ஓராண்டு வேலையும். தொழில்நுட்பப் பட்டயம் இருந்தால் அதுவும் ஒரு வழி. துப்புரவு வேலை என்று எழுதிய நான்கு ஆண்டுகள் இந்தக் கணக்கில் ஒரு நாளும் இல்லை.

மாஸ்த்ரு அண்ணையைச் சரியான தரத்தில், முழுநேர ஒப்பந்தத்தில் எடுத்து ஒரு வருடமும் பத்து மாதமும் ஆகிறது. மாஸ்த்ருவுக்குப் பிள்ளைகள் வட இத்தாலியில். கராஜை அண்ணையிடம் ஒப்படைக்க விரும்புகிறார். அதற்கு இன்னும் 14 மாதம் வேண்டும். மாஸ்த்ருவின் முழங்கால்கள் அவ்வளவு காலம் தாங்குமா என்று அவருக்கே தெரியாது. உல்லாசப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுபவர் ஒருவர் அந்த இடத்துக்கு விலை பேசி இரண்டுமுறை வந்துவிட்டார். "அந்த நாலு வருசத்தில ஒரு வருசமும் ரெண்டு மாதமும் சரியா எழுதியிருந்தால் இண்டைக்கு நான் கையெழுத்து வைச்சிருப்பன்" என்றார் அண்ணை. காலங்கள் ஐந்தாண்டு எல்லைக்குள் பொருந்தியிருக்க வேண்டும் என்பது வேறு கதை. ஆனாலும் அவர் மனத்தில் உள்ள கணக்கு அது.

ஆகவே வாசகர்களே, எந்தத் தொழிலானாலும்:

ஒப்பந்தத்தில் உங்கள் வேலையின் பெயரையும் தரத்தையும் வாசியுங்கள்; வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மாதச் சம்பளத் துண்டை, 'புஸ்தா பாகா'வை, ஒன்றும் எறியாமல் கோவையில் இடுங்கள். உங்கள் பெயரில் பணம் கட்டப்படுகிறதா என்பதை 'இன்ப்ஸ்' சமூகக் காப்புறுதி நிலையத்தின் பதிவில் பார்க்கலாம். தொழிற்சங்கங்களின் 'பத்ரொனாத்தோ' அலுவலகங்கள் எடுத்துத் தருவார்கள். பிழை கண்டால் தாமதிக்க வேண்டாம். இவற்றைக் கோருவதற்குக் கால எல்லை உண்டு. மொழிக்கு, வளர்ந்தோருக்கான அரச கல்வி நிலையமான 'சிப்பியா'வில் இத்தாலிய வகுப்புகள் நடக்கின்றன. நடுத்தரப் பாடசாலையை முடித்த பிள்ளைகளுக்கு வாகனத் திருத்தத்தில் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியும் உண்டு. படிப்பு ஏறவில்லை என்று பிள்ளையைத் திட்டுமுன் அவன் கைகளையும் ஒருமுறை பாருங்கள்.

மூன்றாம் சனிக்கிழமை பிற்பகல் எஞ்சினை முதன்முதலாக இயக்கினார்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஓயில் அழுத்தம் வரும்வரை வெறுமனே சுழற்றிய பின்னரே பெற்றோல் விட்டார்கள். இரண்டுமுறை இருமியது. மூன்றாம்முறை பிடித்தது. ஆசிரியர் கைதட்டினார். மாஸ்த்ரு ஒன்றும் பேசாமல் அண்ணையைப் பார்த்தார். அண்ணை நீண்ட ஸ்குறூ டிறைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கொக்குவிலில் எப்படி நின்றிருப்பாரோ அப்படியே.

"என்ன அண்ணை, நொக் இருக்கோ?" என்றோம்.

"இல்லை" என்றார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து, அன்று காலை கிடைத்த சம்பளத் துண்டைக் கோவையில் செருகினார். இருபத்திரண்டாவது.

அடுத்த இதழில் வேறொரு தொழிலுடன் சந்திப்போம்.